தம்போலாவுக்கு முன் அனுமதி

அரசின் முன் அனுமதி இல்லாமல் எந்த அரசு ஊழியரும் எந்த நோக்கத்துக்காகவும் நன்கொடை கேட்கக் கூடாது, வாங்கக் கூடாது, நிதி திரட்டும் காரியத்தில் வேறு எவ்வகையிலும் தொடர்பு கொள்ளவும் கூடாது. எங்கள் நடத்தை விதிகள் இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்கின்றன. சந்தேகத்துக்கு இடமில்லாத விதிகள் மிகக் குறைவு. அதனாலேயே இது எனக்குப் பிடித்தமானது. லோதி ரோடில் ஒரு அலுவலகத்தில் பிரிவு அதிகாரியாக இருந்தபோது, இதை மீறிக் கோயில் ரசீதுப் புத்தகத்தோடு மேசை மேசையாகச் சுற்றிய ஒருவருக்கு நானே மெமோ தயாரித்துக் கொடுத்தேன். நல்ல மெமோ. இன்றும் அதில் ஒரு வார்த்தையைக்கூட மாற்ற மாட்டேன்.

அப்போது நாங்கள் கோல் மார்க்கெட் பக்கத்து அரசுக் குடியிருப்பில், இரண்டாம் மாடியில் இருந்தோம். எங்கள் படிக்கட்டின் தரைத்தளத்தில் ஒரு திருநெல்வேலிக் குடும்பம். அவர் வேறொரு அமைச்சகத்தில் உதவியாளர். என்னைவிடப் பத்து வயது இளையவர், என்னை ‘அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு அந்தக் கோடையில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. அதாவது வருங்கால வைப்பு நிதியைத் துடைத்து எடுத்தாகிவிட்டது. இளையவளுக்கு இருபத்து மூன்று வயது. எம்.ஏ. முடித்துவிட்டு வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். டெல்லியிலேயே பிறந்தவள். வீட்டில் அப்பாவோடு நெல்லைத் தமிழ், வாசலுக்கு வெளியே ஹிந்தி, என்னிடம் இரண்டையும் கலந்து ஒன்று.

செப்டம்பரில் அவளுக்கு வயிற்றுப்போக்கு வந்து ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. பிறகு ஒரு காலையில் பஸ்ஸில் ஏறப் போனவளுக்குக் கால் எழும்பவில்லை. கண்டக்டர் ‘ஜல்தி, ஜல்தி’ என்று பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். சாயங்காலத்துக்குள் கைகளும் போயின. மறுநாள் கண் இமையைக்கூட மூட முடியவில்லை. சில நாட்கள் மூச்சுக்கே இயந்திரம் தேவைப்பட்டது. வயிற்றில் வந்த கிருமியை எதிர்க்கப் போன உடம்பின் பாதுகாப்புப் படை, ஆள் அடையாளம் தெரியாமல் சொந்த நரம்புகளையே தாக்கிவிட்டது என்று டாக்டர் விளக்கினார். அவளுடைய அப்பா ஒன்றும் புரியாமல் நின்றார். எனக்கு உடனே புரிந்தது. நான் மூன்று வருடம் விஜிலன்ஸ் பிரிவில் இருந்தவன்.

விலை உயர்ந்த ஊசிகள் போட்டார்கள். பிழைத்தாள். ஆஸ்பத்திரிச் செலவை அரசு திருப்பித் தரும். அதற்கான படிவங்களை நான் பூர்த்தி செய்ததால் ஒரு ஆட்சேபமும் வராமல் தேறிற்று என்பதை இங்கே அடக்கத்தோடு பதிவு செய்கிறேன். ஆனால் வீட்டுக்கு வந்து கொடுக்கப்படும் பிஸியோதெரபிக்கு விதியில் இடமில்லை. கழுத்துக்குக் கீழே ஒரு விரலைக்கூட அசைக்க முடியாமல் வீட்டுக்கு வந்தவளுக்குத் தேவைப்பட்டது அது ஒன்றுதான்.

பிஸியோதெரபிஸ்ட் ஒரு சர்தார்ஜி. நல்ல உயரம், பழைய ஸ்கூட்டர், பக்கத்து பிளாக் வரை கேட்கும் குரல். முதல் நாளே எங்களை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஹிந்தியில் சொன்னார். நரம்பு திரும்ப வரும், ஆனால் மெதுவாக வரும். அது வரும்வரை தசையையும் மூட்டையும் தினம் இரண்டு வேளை அசைத்து உயிரோடு வைத்திருக்க வேண்டும். நடுவில் விட்டுவிட்டால் மூட்டு இறுகிவிடும். அப்புறம் நரம்பு வந்தும் நடக்க முடியாது. குறைந்தது ஆறு மாதம்.

அவளுடைய அப்பாவிடம் ஒரு மாதத்துக்குத்தான் பணம் இருந்தது.

“எங்கயாது கடன் கேக்கலாம்னா, எல்லாத்துக்கிட்டயும் கல்யாணத்துக்கே வாங்கியாச்சு அண்ணாச்சி,” என்றார். “இனி யாருகிட்டயும் போயி கையேந்த முடியாது, பாத்துக்கிடுங்க.”

“ஏந்தவும் கூடாது,” என்றேன். விதியைச் சொன்னேன். அவர் அரசு ஊழியர். நானும் அரசு ஊழியன். குடியிருப்பு முழுவதும் அரசு ஊழியர்கள். முன் அனுமதி இல்லாமல் ஒருவர்கூட வாய் திறக்க முடியாது. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுதி, மறுநாள் காலையில் முறைப்படி மேலே அனுப்பினேன்.

அனுமதி வரும்வரை சும்மா இருக்கவும் முடியாது. யோசித்து ஒரு சுற்றறிக்கை தயாரித்தேன். நன்கொடை கேட்டால் விதிமீறல். அதனால் கேட்கவில்லை. தரைத்தளத்துப் பெண்ணின் நிலைமை, அவளுக்குத் தேவைப்படும் சிகிச்சை, அதற்கு ஆகும் மாதச் செலவு ஆகியவை ‘அனைவரின் கவனத்துக்கும் கொண்டுவரப்படுகின்றன’ என்று மட்டும் எழுதி, ஓரத்தில் வீட்டு எண்களை வரிசையாகப் போட்டு, ஒரு ஃபைல் அட்டையில் கட்டி முதல் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். படிப்பவர்களுக்குப் புரியும், புரிந்தவர்கள் கொடுப்பார்கள் என்பது என் கணக்கு.

ஒரு வாரத்தில் ஃபைல் எங்கள் பிளாக் முழுவதும் சுற்றிவிட்டுப் பத்திரமாகத் திரும்பி வந்தது. எல்லா வீட்டு எண்ணுக்கு எதிரிலும் சுருக்கொப்பமும் தேதியும் இருந்தன. கூடவே ‘பார்த்தேன்.’ ‘பார்த்தேன், நன்றி.’ முதல் மாடியில் ஒரு துணைச் செயலர் சிவப்பு மையில் ‘பேசவும்’ என்று எழுதியிருந்தார். மொட்டை மாடிக்குக் கீழே இருந்த தணிக்கைத் துறைக்காரர் ‘கோப்பில் வைக்கலாம்’ என்று முடித்து வைத்திருந்தார். பணம் ஒரு பைசா வரவில்லை.

கெட்ட மனசு என்று யாரையும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் இருந்தபோது முறை போட்டுக்கொண்டு அந்த வீட்டுக்கு இட்லியும் ரசமும் அனுப்பியவர்கள்தான் இவர்கள். ஆனால் கையில் ஃபைல் வந்தால் கை தானாகப் பேனாவைத் தேடும். கையெழுத்துப் போட்டு அடுத்தவருக்குத் தள்ளிய கணத்தில் கடமை முடிந்துவிடும். முப்பது வருடப் பயிற்சி.

என் மனைவி கோயமுத்தூர்க்காரி. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு சுற்றறிக்கையை இரண்டு தரம் படித்தாள்.

“ஏனுங்க, இதுல காசு குடுங்கன்னு எங்கீங்க இருக்குது?”

“இல்லை. இருக்கக் கூடாது.”

“அப்பறம் எப்படிங்க குடுப்பாங்க? பாக்கச் சொன்னீங்க, பாத்துட்டாங்க.”

ஃபைலை எடுத்துக்கொண்டு கீழே போனேன். அந்தப் பெண் தலையணைகளை அண்டைக் கொடுத்துச் சாய்ந்திருந்தாள். விழுந்த நாளிலிருந்து அவள் முகம் பாதி உறைந்துபோன மாதிரி இருந்தது. என்ன பேசினாலும் அதில் கோபமா, அழுகையா, ஒன்றும் தெரியாது. “படிங்க அங்கிள்,” என்றாள். ஒவ்வொரு குறிப்பாகப் படித்தேன். ‘பேசவும்’ வந்தபோது மூக்கால் ஒரு சத்தம் வந்தது. ‘கோப்பில் வைக்கலாம்’ என்று படித்ததும் சிரிக்க ஆரம்பித்தாள்.

“என்னைய ஃபைல் பண்ணிட்டாரா? அச்சா! எந்த அலமாரியிலயாம்?”

அவளுடைய அம்மா அடுப்பை அணைக்காமல் ஓடிவந்தார். மகளின் வாயின் இரண்டு ஓரமும் மேலே போயிருந்தன. அதுவரை ஒரு ஓரம்தான் போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் சர்தார்ஜி வந்து பார்த்து, அந்தக் காகிதத்தைத் தினம் ஒரு வேளை படித்துக் காட்டச் சொன்னார். என் எழுத்துக்கு மருத்துவப் பயன் உண்டு என்று ஒருவர் சான்று சொன்னது அந்த ஒரு தடவைதான்.

சிரித்து முடித்ததும் அவள் சொன்னாள்: “அங்கிள், எனக்குப் பிச்சையெல்லாம் வேண்டாம். பாவம் பாத்து யாரும் துட்டு குடுக்கவும் வேண்டாம். தம்போலா போடுவோம். டிக்கெட் வாங்குதவங்களுக்கு ஆட்டம் உண்டுல்லா? நான் நம்பர் கூப்பிடுதேன். வாய் ஒண்ணுதான் வேலை செய்யுது.”

தம்போலா தெரியாத டெல்லிக் குடியிருப்பு கிடையாது. ஒன்றிலிருந்து தொண்ணூறு வரை எண் பொறித்த வில்லைகளைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கூவுவார்கள். உங்கள் சீட்டில் அந்த எண் இருந்தால் அடிக்க வேண்டும். முதலில் ஐந்து எண் அடித்தவருக்கு ‘ஜல்தி ஃபைவ்’ பரிசு, ஒரு வரி அடித்தவருக்கு ஒன்று, முழுச் சீட்டும் அடித்தவருக்குப் பெரிய பரிசு. தீபாவளி, புத்தாண்டு, வழியனுப்பு விழா எதுவானாலும் அது உண்டு. ஒரு ஃபைலைப் பார்த்துவிட்டு நகர்த்துகிற எங்கள் ஆட்கள், தம்போலா டிக்கெட்டைக் கண்டால் வீட்டில் தலைக்கு ஒன்றாக வாங்குவார்கள்.

விதி? யோசித்தேன். நடத்தை விதிகள் அரசு ஊழியரைக் கட்டுப்படுத்தும். அரசு ஊழியரின் மனைவியைக் கட்டுப்படுத்தாது. அதற்கு எந்த அரசாலும் முடியவில்லை. டிக்கெட்டுகளை என் மனைவி விற்றாள். பணப்பெட்டி, ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், அவள் மடியில் இருந்தது. வில்லைகளைப் பையிலிருந்து எடுப்பது மட்டும் என் வேலை. நான் எடுத்தது எண்களை, நிதியை அல்ல. தேவைப்பட்டால் இந்த வாதத்தை விசாரணையில் வைக்க எழுதியே வைத்திருந்தேன்.

நவம்பர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் குடியிருப்பு மொத்தமும் வெயில் காயப் புல்வெளிக்கு வந்துவிடும். வேர்க்கடலை, ஆரஞ்சு, ஸ்வெட்டர் பின்னல். அங்கேயே ஆரம்பித்தோம். முனிர்காவில் அறை எடுத்துத் தங்கியிருந்த அவளுடைய கல்லூரி சிநேகிதர்கள் நாலைந்து பேர் பஸ் பிடித்து வந்து, அவளைச் சக்கர நாற்காலியோடு தூக்கிப் புல்லில் வைத்தார்கள். அவர்களுக்கு டிக்கெட் வாங்க வக்கில்லை. அவளுடைய அம்மா போட்ட பஜ்ஜிக்காகவே வந்தார்கள் என்பது என் கருத்து. ஆனாலும் வந்தார்கள்.

பரிசுகளுக்குச் செலவே இல்லை. ஒவ்வொரு வீட்டுப் பரண் மேலும் கல்யாணப் பரிசாக வந்த சாமான்கள் பிரிக்காத காகிதத்தோடு தூங்கிக்கொண்டிருந்தன. மயில் படம் போட்ட ஒரு சுவர்க் கடிகாரத்தைத் தணிக்கைத் துறைக்காரர் தானம் செய்தார். அதே ஞாயிறு அவருடைய மனைவியே அதை ஜெயித்துக் கொண்டுபோனார். அடுத்த வாரம் கடிகாரம் மறுபடி வந்தது. அந்தக் குளிர்காலத்தில் அது எத்தனை வீடு கண்டது என்று சொல்ல முடியாது. ஒரு இடத்திலும் அதற்கு ஆணி அடிக்கவில்லை.

அவள் எண் கூப்பிடுவதைக் கேட்கப் பக்கத்து பிளாக்கிலிருந்தும் வந்தார்கள்.

“நாலு! ஜனவரி காலை, டெல்லி டிகிரி! நாப்பத்தஞ்சு! மே மாசம் மத்தியானம்! அம்பத்தெட்டு! சர்க்காரி பாபு வீட்டுக்குப் போலாம்... ருக்கோ ருக்கோ, இன்னும் ரெண்டு வருஷம் போனஸ்! அறுவது! அங்கிளுக்கு டாட்டா!”

பாபுக்களுக்கு, அதாவது எங்களைப் போன்ற அரசு ஊழியர்களுக்கு, ஓய்வு வயதை ஐம்பத்தெட்டிலிருந்து அறுபதாக உயர்த்தியிருந்த காலம் அது. நான் அந்த இரண்டு வருட போனஸின் கடைசி மாதங்களில் இருந்தேன். எல்லாரும் என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள்.

பதினொன்று வரும்போது மட்டும் கொஞ்சம் சங்கடம். இரண்டு கோடுகள் நிற்கிற மாதிரி இருப்பதால் தம்போலாவில் அதைக் கால்கள் என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் ஞாயிறு வில்லையைப் பார்த்ததும் நான் அதைப் பைக்குள் திரும்பப் போடப் பார்த்தேன். அவள் கவனித்துவிட்டாள்.

“என்ன அங்கிள், ஒளிக்கீங்க? காட்டுங்க... பதினொண்ணு! என்னோட ரெண்டு காலு! லீவுல போயிருக்கு! லீவ் லெட்டர் குடுக்கல!”

யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை. சர்தார்ஜிதான் முதலில் சிரித்தார். அவரும் ஞாயிறுதோறும் டிக்கெட் வாங்கினார். ஒரு தடவை முழுச் சீட்டையும் அடித்து ஸ்டீல் டிபன் கேரியரை ஜெயித்தார். பாட்டிலில் சேர்ந்த பணம் மாதாமாதம் அவரிடம்தான் போயிற்று என்பதால், அவர் தம் சம்பளத்துக்குத் தாமே சந்தா கட்டினார் என்றுகூடச் சொல்லலாம். என் அனுபவத்தில் வேறு எந்தத் துறையிலும் இப்படி நடந்ததில்லை.

இதற்கிடையில் என் விண்ணப்பத்துக்கு ஒரு கேள்வி வந்தது. நோயாளி விண்ணப்பதாரருக்கு எந்த வகையில் உறவு? ‘ஒரே படிக்கட்டு’ என்று எழுதி அனுப்பினேன். நேரில் போய் விசாரித்தபோது, விண்ணப்பத்தை இரண்டு பிரதிகளில் கொடுத்திருக்க வேண்டும் என்றார்கள். மூன்றாகக் கொடுத்தேன். சம்பந்தப்பட்ட எழுத்தர் லீவில் இருந்தார்.

டிசம்பர் கடைசியில் மூடுபனி இறங்கியது. எதிர் பிளாக் கண்ணுக்குத் தெரியவில்லை. புல்வெளியில் ஒருவரும் இல்லை. ஒரு ஞாயிறு ஆட்டம் நின்றது. பாட்டிலில் ஜனவரிக்குப் போதிய பணம் இல்லை. அப்போதுதான் அவளுடைய வலது கை விரல்கள் கொஞ்சம் மடங்க ஆரம்பித்திருந்தன. கால்களில் ஒன்றும் இல்லை. சர்தார்ஜி மாதக்கடைசி பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஆனால் அவரும் குடும்பஸ்தர், எத்தனை நாள் கேட்காமல் இருப்பார்? அவளுடைய அப்பா என்னிடம் மெதுவாக, “ஒரு வேளையா கொறைச்சிக்கிடலாமா அண்ணாச்சி?” என்று கேட்டார். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“குறைக்க வேணாங்க,” என்று என் மனைவிதான் பதில் சொன்னாள். “புல்லுலதான் உக்காரோணும்னு சட்டமுங்களா? நம்ம படிக்கட்டு சும்மாதானுங்க கெடக்குது.”

அடுத்த ஞாயிறு தம்போலா படிக்கட்டில் நடந்தது. கீழே முதல் படிக்கு எதிரில் அவளுடைய சக்கர நாற்காலி. அங்கிருந்து மொட்டை மாடி வரை படிக்கு இரண்டு பேராகச் சால்வையும் குரங்குக் குல்லாயுமாக உட்கார்ந்திருந்தார்கள். டீ கீழேயிருந்து கை மாறி மாறி மேலே போயிற்று, கடைசி ஆளுக்கு ஆறித்தான் கிடைத்தது. துணைச் செயலர் எனக்கு மூன்று படி கீழே உட்கார்ந்திருந்தார். அந்தக் கட்டடத்தில் படிநிலை தலைகீழானது அன்றுதான். அவள் கூப்பிட்ட ஒவ்வொரு எண்ணும் சுவரில் மோதி எதிரொலித்துக்கொண்டே மேலே போயிற்று. புல்வெளியில் வந்ததைவிடக் கூட்டம் அதிகம். பனியில் வேறு எங்கே போவார்கள்? படிக்கட்டு ஞாயிறுகளிலேயே ஜனவரியும் பிப்ரவரியும் தேறிவிட்டன.

படிக்கட்டில் ஆடிய முதல் நாள், பாதி ஆட்டத்தில் சர்தார்ஜி படியிலிருந்து எழுந்துவந்து என் கையிலிருந்த பையைப் பிடுங்கி அவள் மடியில் வைத்தார். “மகளே, நீயே எடு,” என்று ஹிந்தியில் சொன்னார். அவள் பைக்குள் கையை விட்டாள். வில்லைகள் நழுவின. பொறுமை என்றால் என்னவென்று அறியாத கூட்டம், ஒரு வில்லைக்காக டீ ஆறும்வரை காத்திருந்தது. கடைசியில் இரண்டு விரலால் ஒன்றைக் கவ்வி வெளியே எடுத்துவிட்டாள். எண் என்ன என்று இப்போது நினைவில்லை. கைதட்டலில் யாருக்கும் அது கேட்கவும் இல்லை. அப்புறம் எனக்கு அந்த வேலையும் போயிற்று. விதிப்படி என் தொடர்பு முற்றிலுமாக அற்றது.

ஜனவரிக் கடைசி நாள் நான் ஓய்வு பெற்றேன். மாலை, சூட்கேஸ், சமோசா. குடியிருப்பில் இன்னும் நாலு மாதம் இருக்கலாம் என்று விதி இருந்ததால் தம்போலாவுக்கு ஆபத்து வரவில்லை. பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மறுபடி வெயில் வந்து புல்வெளிக்குத் திரும்பினோம். அன்று பதினொன்று வந்தது. அவள் வில்லையைத் தூக்கிப் பிடித்தாள். பிறகு, “பதினொண்ணு,” என்றாள். “டியூட்டிக்கு வந்தாச்சு. ஆனா பாபு மாதிரி, லேட்டா வந்து மெதுவா வேலை செய்யுது. எல்லாரும் பாருங்க.” போர்வைக்குக் கீழே இடது கால் கட்டை விரல் ஆடிற்று. அவளுடைய அப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று வீட்டுக்குப் போனார். வெகுநேரம் வரவில்லை.

அதற்குப் பிறகு வேகம். இரண்டு பேர் பிடிக்க நின்றாள். அப்புறம் ஒருவர். அப்புறம் கோல் மார்க்கெட்டில் வாங்கிய கைத்தடி. ஹோலியன்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவன் போகிறவன் மேலெல்லாம் பச்சை வண்ணத்தை அள்ளி எறிந்தாள். அதுவும் கைக்கு நல்ல பயிற்சி என்று சர்தார்ஜி தாமே முன்வந்து தாடியைக் காட்டினார்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கட்டில் தடி ஊன்றும் சத்தம் கேட்டது. ஊன்றும், நிற்கும். ஊன்றும், நிற்கும். முழங்கால் வலிக்காரர் யாரோ என்று நினைத்தேன். சத்தம் முதல் மாடியில் நின்றுவிடவில்லை. என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஏனுங்க, கதவத் தெறங்க, கதவத் தெறங்க!”

திறந்தேன். அவள் நின்றிருந்தாள். காதோரத்தில் இன்னும் பச்சை வண்ணம். மூச்சு வாங்கியது. அவளுக்கு நாலு படி பின்னால், பிடிக்காமல் ஆனால் பிடிக்கத் தயாராக இரண்டு கையையும் விரித்தபடி அவளுடைய அப்பா. அவருக்குத்தான் அதிகம் வேர்த்திருந்தது.

“தபால்காரர் உங்க லெட்டரைக் கீழயே குடுத்துட்டாரு அங்கிள்,” என்றாள். “அப்பா குடுத்துட்டு வாரேன்னாங்க. நான்தான், சலோ, நானே போறேன்னேன்.”

பழுப்பு உறை. அரசுப் பணிக்கு மட்டும். பிரித்து அவளிடமே கொடுத்தேன். என் கண்ணாடி சரியாக இல்லை என்று சொன்னேன். கதவுச் சட்டத்தில் சாய்ந்துகொண்டு அவள் சத்தமாகப் படித்தாள். விண்ணப்பதாரர் கோரியபடி நிதி திரட்ட அனுமதி வழங்கப்படுகிறது. அது அவருடைய அலுவலகப் பணிகளுக்கு இடையூறாக இருக்கக் கூடாது. இந்தக் கடிதம் கிடைத்த நாளுக்கு முன்பாக வசூலைத் தொடங்கக் கூடாது.

“அப்ப இனிமே ஆரம்பிக்கலாம் அங்கிள்,” என்றாள்.

அவளுடைய அப்பா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். கதவிலேயே காகிதத்தை வைத்து, ஓரத்தில் ‘பார்த்தேன்’ என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டேன். கீழே தேதி: ஹோலிக்கு மறுநாள்.